சொத்து வரி இல்லாவிட்டால் மாநகராட்சி நின்றுவிடுமா?

ஈரோட்டில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வருமான வரி கட்டுகிறேன். வாங்கும் பொருளுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. கட்டுகிறேன். இடம் வாங்கியபோது பத்திரச் செலவும் செய்தாயிற்று. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஏன் வரி? பெரிய வேலைகள் எல்லாம் மத்திய, மாநில அரசுப் பணத்தில்தானே நடக்கின்றன? இந்த வரி இல்லாவிட்டால் மாநகராட்சி நின்றுவிடுமா?"

நின்றுவிடும். பாலமும் பஸ் நிலையமும் அப்படியே இருக்கும், அவை ஏற்கெனவே கட்டியாயிற்று. குப்பை வண்டிக்கு டீசல் இருக்காது. தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்ட முடியாது. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்குச் சம்பளம் வராது. கொங்குப் பக்கத்து நகராட்சிகளில் பில் கலெக்டராகச் சேர்ந்து, வருவாய்ப் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு மேசையில் எந்தப் பணத்தை எதிர்பார்த்து பில்கள் காத்திருக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கட்டும் மற்ற வரிகள் எங்கே போகின்றன என்று பார்த்துவிடலாம். வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. உள்ளூரில் வாங்கும் பொருளுக்கான ஜி.எஸ்.டி.யில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. மாநகராட்சிக்கு என்று அதில் நேரடிப் பங்கு கிடையாது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது உள்ளாட்சிகள் வாங்கிவந்த விளம்பர வரியும் அதற்குள் போய்விட்டது. பத்திரப்பதிவில் செலுத்தும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதப் பங்கு உள்ளாட்சிக்கு உரியது. ஆனால் அது சொத்து கைமாறும்போது மட்டும் வரும் பணம். ரியல் எஸ்டேட் படுத்தால் அதுவும் படுத்துவிடும். தொழில் வரியை நம் மாநிலத்தில் உள்ளாட்சிகளே வசூலிக்கின்றன. ஆனால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு 1988இல் வைத்தது, இன்றுவரை அசையவில்லை.

இவை போக, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் உண்டு. இரண்டும் பெரிய தொகைகள்தான். ஆனால் மேலே இருந்து வரும் பணத்தை உள்ளாட்சி தன் விருப்பப்படி செலவழித்துவிட முடியாது. மாநிலப் பங்கில் பழைய கடனுக்கான தவணை போன்றவை பிடித்தம் போகத்தான் மீதி கைக்கு வரும். மத்திய மானியத்துக்கு நிபந்தனைகள் உண்டு. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். தேர்தல் நடத்தவில்லை என்ற காரணத்துக்காக மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளிலும் தினமும் காலையில் குப்பை அள்ள வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்குக் கைகொடுத்ததில் சொத்து வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன், பெரிய வேலைகள் அரசுப் பணத்தில்தானே நடக்கின்றன என்கிறீர்கள். உண்மைதான். கொங்குப் பகுதியில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நான்கும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இருந்தன. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை, அதற்கு இணையாக மாநிலத்தின் பங்கு என்பது ஏற்பாடு. கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் எப்படி மாறின என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நடைபாதை, இருக்கை, அலங்கார விளக்கு, கழிப்பறை எல்லாம் வந்தன. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. விளக்கு முடியவில்லை. அது தினமும் மாலையில் எரிந்தாக வேண்டும். கழிப்பறையைக் கழுவ ஆள் வேண்டும். ஆகாயத்தாமரை வளர்ந்தால் அள்ள வேண்டும். உடைந்த தரைக் கல்லை மாற்ற வேண்டும். கட்டுவதற்கு டெல்லியும் சென்னையும் பணம் தரும். கட்டியதை ஓட்டுவதற்கு அந்த ஊர்தான் தேட வேண்டும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் போனபிறகு அந்த இடம் மாநகராட்சிப் பொறுப்பு. ஒவ்வொரு புதுத் திட்டமும் பராமரிப்புச் செலவையும் கூடவே கொண்டுவருகிறது. ஆகவே மேலிருந்து பணம் கூடக்கூட ஊரின் சொந்த வரி குறையலாம் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. சொந்த வரி கூடாத ஊரில் புதிதாகக் கட்டியது ஐந்தாறு ஆண்டில் பாழாகும். நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைகளும் செடி காய்ந்த பூங்காக்களும் பெரும்பாலும் இப்படி வந்தவை.

இனி உங்கள் பணம் உள்ளே போனதும் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சொத்து வரி என்று மொத்தமாக ஒரு தொகை கட்டினாலும் உள்ளே அது பிரிந்துதான் நிற்கிறது. பொது வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, விளக்கு வரி, கல்வி வரி, நூலக வரி எனப் பங்குகள் உண்டு. தமிழ்நாட்டு நகராட்சிக் கணக்கில் மூன்று தனித்தனி நிதிகள் வைத்திருப்பார்கள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. ஒவ்வொன்றுக்கும் தனி வங்கிக் கணக்கு, தனி வரவு செலவு. குடிநீர் வரியில் வந்த பணம் குழாய்க்கும் சாக்கடைக்கும், கல்வி வரியில் வந்தது மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களின் சுவருக்கும் கூரைக்கும் என்பது விதி. உங்கள் ஊர் மாநகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறைக்கு ஓடு மாற்றினால் அதில் உங்கள் வீட்டு வரி இருக்க வாய்ப்பு அதிகம்.

நூலக வரிக்கு இங்கே தனியாக ஒரு பத்தி கொடுக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதற்குக் கொங்கு மண்ணோடு உறவு இருக்கிறது. சொத்து வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்கிறது. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். இந்தப் பணம் நகராட்சிக்கு உரியதல்ல. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். கையில் காசு முடையான நகராட்சிகள் இதை உரிய காலத்தில் ஒப்படைக்காமல் இழுப்பது உண்டு. கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வராத காரணங்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகள் படிக்க மக்கள் கொடுத்த பணத்தைச் சாக்கடை பில்லுக்குத் திருப்புவதை எந்த நெருக்கடியாலும் நியாயப்படுத்த முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஊர் தன் கையில் தானே வரி வாங்கிக்கொண்டு நடப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. கோவையும் சேலமும் 1866இல் நகராட்சி ஆனவை. ஈரோடு 1871இல். கோவை நகராட்சியின் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். பின்னாளில் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர உழைத்தவர். ஆர்.எஸ். புரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். ஏறத்தாழ அதே நேரத்தில் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டத்துக்கும் சாலைகளை அகலப்படுத்துவதற்கும் பாடுபட்டார். இருவரும் பெரிய அரசியலுக்குப் போவதற்கு முன் தெருவையும் குழாயையும் கவனித்தவர்கள். ஊர்க்காரன் கொடுத்த வரிக்கு ஊர்க்காரனிடமே பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அது.

வரியை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் அதிகச் சந்தேகமும் சண்டையும். நம் மாநிலத்தில் சொத்தின் விற்பனை விலைக்கு வரி போடுவதில்லை. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும் என்று ஒரு மதிப்பு கட்டுகிறார்கள், அதற்குப் பெயர் ஆண்டு வாடகை மதிப்பு. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வைத்திருப்பார்கள். எளிமைக்காக அது 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய். கட்டடத்தின் வயதுக்கு ஏற்பக் கழிவு போக, மீதியில் ஒரு சதவீதக் கணக்குப்படி வரி. குடியிருப்பா, கடையா, தொழிற்கூடமா என்பதைப் பொறுத்து வீதம் மாறும். ஆகவே உங்கள் வரியைத் தீர்மானிப்பவை நான்குதான்: எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, எவ்வளவு பழையது, எதற்குப் பயன்படுகிறது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வரி தவறும்.

அளக்கப் போகும்போதுதான் இது எவ்வளவு சிக்கல் என்று தெரியும். திருப்பூர்ப் பக்கம் லைன் வீடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கூரைக்கடியில் வரிசையாக எட்டு, பத்து ஒற்றை அறை வீடுகள், கடைசியில் பொதுக் கழிப்பறை, தெருப்பக்கம் ஒரு மளிகைக் கடை. டேப்பின் ஒரு நுனியை உதவியாளர் மூலையில் பிடித்துக்கொள்ள, நான் மறுநுனியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போவேன். முதல் ஆறு வீடுகளில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். ஏழாவது கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு தையல் இயந்திரங்கள், தரை முழுக்க வெட்டுத் துணி. எட்டாவதில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை. மொட்டை மாடியில் தகரம் போட்டு மறைத்து இன்னும் மூன்று அறைகள். பதிவேட்டிலோ இது எல்லாமே தரைத்தளக் குடியிருப்பு. சொந்தக்கார அம்மா பழைய ரசீதுகளை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு தவணைகூட நிலுவை இல்லை. "மேலே தகரம் போட்டதற்கும் வரியா தம்பி?" என்று கேட்டார். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. மாடியில் அறை போட்டால் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. அவருடைய வருமானமே அந்த வாடகைதான். அதே தெருமுனையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று பழைய ஓட்டு வீட்டின் வரியையே கட்டிக்கொண்டு நின்றது. அந்த உரிமையாளருக்கு விதி நன்றாகத் தெரியும். இந்த இரண்டு பேரையும் ஒரே மாதிரி 'குறைவாக வரி விதிக்கப்பட்டவை' என்ற பட்டியலில் எழுதத்தான் படிவத்தில் இடம் இருந்தது.

இப்போது உயர்வு பற்றி. உங்கள் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னை தவிர்த்த மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகு பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018இல் குடியிருப்புக்கு 50 சதவீதம், மற்றவற்றுக்கு 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில் நிறுத்தி வைத்தார்கள், கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பிந்தைய தவணையில் ஈடு செய்வதாகச் சொன்னார்கள். பிறகு 15ஆவது மத்திய நிதி ஆணையம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டிக் காட்டினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. 2022 ஏப்ரலில் வந்த உயர்வுக்கு அதுவும் ஒரு காரணம். கோவை, ஈரோடு போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100, தொழிற்சாலைகளுக்கு 75, காலி மனைக்கு 100.

அந்த உயர்வு சுமையாக இருந்தது உண்மை. ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், 2008இல் 1,000 ரூபாய்க்கு நடந்த வேலைக்கு 2022இல் 2,260 ரூபாய் வேண்டும். அன்று 1,000 ரூபாய் வரி கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்காரருக்கு அது 50 சதவீதம் கூடி 1,500 ஆனது. உயர்வுக்குப் பிறகும் அந்தப் பணத்தின் மதிப்பு 2008இல் இருந்ததைவிடக் குறைவுதான். நடுவில் இருந்த பதினான்கு ஆண்டுகளில் டீசல் விலை, கூலி, மின்கட்டணம் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தை எதை வைத்து அடைத்தார்கள்? தூய்மைப் பணியாளரை நிரந்தரமாக எடுக்காமல் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், அவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள், ஒப்பந்ததாரர் பில்லை மாதக் கணக்கில் நிறுத்தினார்கள், சாலையை ஒட்டுப் போட்டார்கள். கையுறை இல்லாமல் சாக்கடை அள்ளியவர் நம் எல்லோருடைய வரிச் சலுகைக்கும் சேர்த்து விலை கொடுத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

வரியை உறைய வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது, சொத்து கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டும் புது மதிப்பு என்று சட்டம் செய்தார்கள். வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் நேற்று வாங்கியவர் பல மடங்கு வரி கட்டுகிறார், நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கியவர் சொற்பம் கட்டுகிறார். உள்ளூர் அரசுகள் செலவுக்கு மாநிலத்தின் கையைக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டிவந்தது. மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் வளர்ந்த நாடுகளில் சொத்து வரி 1 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, இந்தியாவில் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான். நம் ஊர்கள் பாவப்பட்டுக் கிடப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

பதினான்கு ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் 100 சதவீதம் உயர்த்துவதைவிட ஆண்டுதோறும் சிறிதாகக் கூடுவது நல்லது. இப்போதைய ஏற்பாட்டில் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு என்பது அந்த நோக்கத்தில் வந்ததுதான். கொள்கையாக அதை ஏற்கிறேன். அதை நடத்தும் விதத்தில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. பனியன் தொழிலும் விசைத்தறியும் படுத்துக் கிடக்கும் ஆண்டிலும் அதே உயர்வு தானாக ஏறக்கூடாது, மன்றத்தில் விவாதித்துத் தள்ளிவைக்க வழி இருக்க வேண்டும். இரண்டாவது, 1,200 சதுர அடிக்கு ஒரு வீதம், 1,201க்கு அதைவிட மேலான வீதம் என்று படிக்கட்டு வைத்தால் ஓர் அடிக்காக ஆள் பிடிக்கும் வேலைதான் நடக்கும். முதல் 600 அடிக்கு இவ்வளவு, அடுத்த 600க்கு இவ்வளவு என்று மின்கட்டணம் போல அடுக்காகப் போட்டிருந்தால் அந்தப் பேரத்துக்கே இடமில்லை.

பேரம் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். புது வரி விதிப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் கையூட்டு வாங்கிக் கைதான செய்திகளை நீங்கள் அடிக்கடி படிக்கிறீர்கள். என் துறைக்கு அது பெரிய களங்கம். சதுர அடியைக் குறைத்து எழுத ஒருமுறை வாங்கும் கையூட்டு, அந்தக் கட்டடம் இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரிடமிருந்து திருடுகிறது. இது போக, பெரிய நிலுவைதாரர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கி ஆண்டுக்கணக்கில் கட்டாமல் இருப்பார்கள். மார்ச் மாதத்தில் சனி, ஞாயிறு முகாம் போட்டு நாங்கள் துரத்தியது எல்லாம் இரண்டாயிரம், மூவாயிரம் நிலுவை வைத்திருந்த சின்ன வீடுகளைத்தான். பட்டியலின் மேல்முனையில் இருந்து வசூலைத் தொடங்கினால் பாதி ஊரைத் துரத்த வேண்டிய தேவையே இருக்காது. மத்திய அரசின் கட்டடங்களுக்கு அரசியலமைப்பின் 285ஆவது பிரிவின்படி சொத்து வரி கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும் வாங்கலாம். கோவையின் போத்தனூர் போன்ற ரயில்வே நிலம் அதிகமுள்ள இடங்களில் அதன் பாதிப்பு தெரியும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் இருந்து கப்பல் ஏறும் பனியனுக்கு நாட்டுக்கே அந்நியச் செலாவணி கிடைக்கிறது. அந்த விற்பனையில் ஒரு ரூபாய்கூட நேராகத் திருப்பூர் மாநகராட்சிக்கு வருவதில்லை. கம்பெனி இருக்கும் கட்டடத்தின் வரிதான் வருகிறது. அந்தக் கட்டடமும் மாநகர எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் வெளியே ஊராட்சியில் இருந்தால் அதுவும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் தங்குவது மாநகர லைன் வீடுகளில், குடிப்பது மாநகரத் தண்ணீர், போடுவது மாநகரக் குப்பை. கோவை 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் ஏழு பேரூராட்சிகளையும் ஓர் ஊராட்சியையும் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டரில் இருந்து 257 ஆக விரிந்தது. விரிந்ததும் வரி அடித்தளமும் விரிந்தது, சாக்கடையும் சாலையும் கேட்கும் மக்களும் கூடினார்கள். இப்போதும் இணைப்பு என்றாலே சுற்று ஊராட்சிகளில் எதிர்ப்பு வருகிறது. வீட்டு வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்கிறார்கள். இரண்டும் நியாயமான பயங்கள். வரி மட்டும் முதலில் வந்து, பாதாளச் சாக்கடை பத்தாண்டு கழித்து வந்த அனுபவம் அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இணையதளத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு, பதிவேட்டில் உள்ள மண்டலம், சதுர அடி, பயன்பாடு சரியா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஆணையரிடம் சீராய்வு மனு கொடுங்கள், அதிலும் தீராவிட்டால் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்வார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. இன்னொன்று, பலர் நினைப்பதுபோல் வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது, அதை நம்பி இடம் வாங்காதீர்கள்.

அதற்குமேல் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினம் முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், நடக்கிறது. பெரும்பாலும் கூட்டமே சேராது. அங்கே போய் உங்கள் வார்டின் கேட்பு (வரியாக வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைக் கணக்கைக் கேளுங்கள். எந்த ஆண்டு எவ்வளவு கேட்பு, எவ்வளவு வந்தது, மேலே உள்ள இருபது நிலுவைகள் எவை, மூன்று நிதிகளிலும் இருப்பு எவ்வளவு, நூலக வரி ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள். வருவாய்ப் பிரிவில் மாதந்தோறும் தயாராகும் கணக்குதான் அது, புதிதாக யாரும் எழுத வேண்டியதில்லை. டெல்லியில் இருந்து வந்த பணத்துக்கு உங்கள் கவுன்சிலர் டெல்லியைக் கைகாட்டலாம். இந்தப் பணத்துக்கு அவர் யாரையும் கைகாட்ட முடியாது.